காற்றுக் கதவுச் சிறுவனின் குடும்பம்

சுரங்கத் தொழிலாளிகளின் குடும்ப வரலாற்றைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் அப்பா வழியில்தான் நடக்கத் தொடங்குவார்கள். அப்பா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா என்று ஆண்களின் பெயர்களைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறுவார்கள். ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயர் வட்டாரத்தில் அந்த ஏற்றம் பாதியிலேயே நின்றுபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த வட்டாரத்தின் மிகப் புகழ்பெற்ற சுரங்கச் சிறுவனுக்கே தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடம்தான் முதல் சிக்கல்.

அவன் பெயர் ஜேம்ஸ். 1856 ஆகஸ்ட் 15 அன்று ஹோலிடவுனை அடுத்த நியூஹவுஸ் அருகே ஒரு சின்னக் குடிசையில் பிறந்தான். பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கினான். பின்னாளில் கெய்ர் ஹார்டி என்ற பெயரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனவரும், லேபர் கட்சியின் முதல் தலைவராக இருந்தவரும் அவர்தான். அரசியல் தலைவரான ஹார்டியைப் பற்றி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. 1907-இல் இந்தியாவுக்கு வந்து, வங்காளத்தில் ஆட்சியாளர்களைக் குறைகூறிப் பேசியதற்காக லண்டன் பத்திரிகைகளிடம் அவர் வாங்கிய வசவு நம்மவர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். எனக்கு அந்தத் தலைவரைவிட அந்தப் பத்து வயதுப் பையனும் அவன் வீடும்தான் முக்கியம். அதற்குக் காரணம் உண்டு.

நான் பாளையங்கோட்டையில் பிறந்தவள். இங்கே ஸ்காட்லாந்தில் ஒரு மருத்துவமனையின் நெஞ்சுநோய்ப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றேன். எங்கள் படுக்கைகளில் பாதிக்குப் பழைய சுரங்கத் தொழிலாளிகள் இருந்த காலம் அது. நுரையீரலில் கரித்தூசி படிந்து, பேச்சுக்கு நடுவே மூச்சைத் தேடும் மனிதர்கள். இரவுப் பணியில் அவர்களுக்குத் தூக்கம் வராது. ஊதுகிற சத்தத்தோடு குடும்பக் கதை சொல்வார்கள். “எங்க தாத்தா பத்து வயசுல இறங்கினார், சிஸ்டர். அவருக்கு அப்பா யாருன்னு வீட்டுல யாரும் வாய் திறந்ததே இல்ல” என்றார் ஒருவர். எந்த ஊர், எந்தக் குழி என்று கேட்டேன். அவருக்குத் தெரிந்தது பாட்டியின் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தேடுவது எப்படி என்று கற்கத் தொடங்கியவள் இன்றுவரை விடவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு வழி காட்ட ஹார்டியின் குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஏழைச் சுரங்கக் குடும்பத்தில் வரக்கூடிய எல்லா முடிச்சுகளும் அதில் இருக்கின்றன.

ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு கட்டாயமாகப் பதியத் தொடங்கியது 1855 ஜனவரியில். இங்கிலாந்தைவிடப் பதினெட்டு ஆண்டுகள் பிந்தித் தொடங்கினாலும் விவரத்தில் இங்கிலாந்தை மிஞ்சிவிட்டார்கள். பிறந்த நேரத்தைக்கூடக் குறித்தார்கள். 1855 பதிவுகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: பெற்றோரின் வயது, பிறந்த ஊர், அவர்களுக்கு ஏற்கெனவே எத்தனை பிள்ளைகள், எல்லாம் இருக்கும். இவ்வளவையும் எழுதப் பதிவாளர்களால் முடியவில்லை. அடுத்த ஆண்டே படிவத்தைச் சுருக்கிவிட்டார்கள். ஹார்டி பிறந்தது அந்தச் சுருங்கிய ஆண்டில். சில மாதங்கள் முன்னதாகப் பிறந்திருந்தால் அவன் தாயின் வயதும் ஊரும் அவன் பிறப்புப் பதிவிலேயே கிடைத்திருக்கும்.

தாய் மேரி கெய்ர், வீட்டு வேலை செய்துவந்த பெண். பிள்ளை பிறந்தபோது அவளுக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. அப்படிப் பிறந்த குழந்தைகளின் பதிவில் முறைகேடாகப் பிறந்தது என்ற பொருளில் ஒரு சொல்லைப் பெயருக்குக் கீழே எழுதும் வழக்கம் 1919 வரை இருந்தது. வாழ்நாளெல்லாம் எங்கே நகல் எடுத்தாலும் அந்தச் சொல்லும் கூடவே வரும். பதிவு அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு முகம் மாறியவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அந்தச் சொல் ஒரு எழுத்தர் எழுதியது. அதற்குப் பக்கத்தில் தாய் என்ற இடத்தில் ஒரு பெண்ணின் முழுப் பெயர் இருக்கிறது. அதைப் படியுங்கள்.

தகப்பனைத் தேட வழியே இல்லை என்பதில்லை. தாய் ஷெரிஃப் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு இன்னார்தான் தகப்பன் என்று தீர்ப்புப் பெற்றால், அது திருத்தப் பதிவேட்டில் ஏறும். மூலப் பதிவின் ஓரத்தில் அதற்கு ஒரு குறிப்பும் எழுதுவார்கள். இணையத்தில் நகல் பார்க்கிறவர்கள் நடுவில் உள்ள எழுத்துகளைப் படித்துவிட்டு ஓரத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இன்னொரு வழி, கிர்க் செஷன் என்ற சபை மூப்பர் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகள். திருமணமாகாமல் கருவுற்ற பெண்ணை வரவழைத்து, தகப்பன் பெயரைச் சொல்லும்வரை விசாரித்து, எல்லாவற்றையும் எழுதிவைத்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் சபைக்குள் வளர்ந்தவள் நான். ஞானஸ்நானப் பதிவேடும் மூப்பர் கூட்டமும் எனக்குப் பழக்கமானவை. அப்படியும் அந்தக் குறிப்புகளைப் படிக்கையில் மனம் கசக்கிறது. ஒரு பெண்ணை அவமானப்படுத்துவதற்காக எழுதியது இன்று அவள் பேரப்பிள்ளைகளுக்கு ஒரே தடயமாக நிற்கிறது.

ஹார்டியின் வாழ்க்கையை எழுதியவர்கள் தகப்பனாகக் குறிப்பிடுவது வில்லியம் எயிட்கன் என்ற சுரங்கத் தொழிலாளியை. அந்தத் தொழிலுக்கு ஸ்காட்லாந்தில் ஒரு கொடிய பழங்கதை உண்டு. 1606-இல் வந்த ஒரு சட்டத்தால் நிலக்கரித் தொழிலாளி முதலாளியின் அனுமதிச் சீட்டு இல்லாமல் வேறெங்கும் வேலைக்குப் போக முடியாதவன் ஆனான். சுரங்கம் கைமாறினால் அவனும் சேர்ந்து கைமாறினான். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது முதலாளி ஒரு சிறு தொகையைப் பெற்றோர் கையில் கொடுப்பார். அதை வாங்கிவிட்டால் பிள்ளையும் அந்தச் சுரங்கத்துக்குக் கட்டுப்பட்டது. 1775 சட்டம் இந்தக் கட்டைத் தளர்த்தியது. முழு விடுதலை 1799-இல்தான் வந்தது. அதனால் தொழிலாளிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் கிடந்தன. 19-ஆம் நூற்றாண்டில் லானார்க்‌ஷயரில் இரும்பு உருக்காலைகள் பெருகி, அவற்றுக்கு நிலக்கரி தோண்டக் குழிக்கு மேல் குழி திறந்தபோது நிலைமை தலைகீழானது. அயர்லாந்திலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். வேலை எங்கே இருந்ததோ அங்கே வீடு மாறியது. அந்த நூற்றாண்டுச் சுரங்கக் குடும்பத்தின் அண்ணன் ஓர் ஊரிலும் தம்பி வேறோர் ஊரிலும் பிறந்திருப்பது இதனால்தான்.

மேரி 1859-இல் திருமணம் செய்துகொண்டாள். மணமகன் டேவிட் ஹார்டி, கப்பல் தச்சர். பையனுக்கு அவர் பெயர் வந்து சேர்ந்தது. அம்மாவின் கெய்ர் நடுவில் நின்றுகொண்டது.

இந்தத் திருமணத்தைப் பதிவுகளில் பிடிப்பதற்கு நான் எல்லோருக்கும் சொல்லித்தரும் ஒரு உத்தி இருக்கிறது. 1856 முதல் 1860 வரையிலான பிறப்புப் பதிவுகளில் பெற்றோரின் திருமண விவரம் இருக்காது. 1861 முதல் அது திரும்ப வந்துவிட்டது: எந்தத் தேதி, எந்த ஊர் என்று. ஆகவே மூத்த பிள்ளையின் பதிவில் கிடைக்காததை 1861-க்குப் பிறகு பிறந்த தம்பி தங்கைகளின் பதிவில் தேட வேண்டும். மேரிக்கும் டேவிட்டுக்கும் பிறகு பல பிள்ளைகள் பிறந்தன. அந்தப் பிள்ளைகளின் பதிவு ஒவ்வொன்றும் பெற்றோரின் மணநாளைச் சொல்லும். மூத்தவன் பிறந்த தேதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவன் அந்த மணத்துக்கு மூன்று ஆண்டு முந்தியவன் என்பது தெரிந்துவிடும். தனி ஒருவரின் காகிதத்தை மட்டும் தேடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இங்குள்ள இன்னொரு வசதி, மணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் அழியாது என்பது. இறப்புப் பதிவில் அவளுடைய தாய், தகப்பன் இருவர் பெயரையும் எழுதுவார்கள். தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் அதில் இருக்கும். அப்பா வழி அடைபட்ட ஒருவனுக்குப் பெண் வழி இவ்வளவு தெளிவாகத் திறந்து கிடக்கும்போது, அடைபட்ட கதவிலேயே ஏன் மோதிக்கொண்டிருக்க வேண்டும்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை. 1861-இல் ஏப்ரல் 7-ஆம் தேதி இரவு யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று எழுதினார்கள். ஸ்காட்லாந்தில் அந்த ஆண்டு புதிதாக ஒரு கேள்வி சேர்த்தார்கள்: இந்த வீட்டில் ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை? சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளின் பக்கங்களைப் புரட்டுங்கள். அந்தக் கட்டத்தில் 1, 1, 1 என்று இறங்கிக்கொண்டே போகும். அதே வரியின் இடப்பக்கத்தில் ஏழு பேர், எட்டு பேர், கூடவே வாடகைக்குத் தங்கிய இளைஞர்கள் இரண்டு பேர். நான் வார்டில் கேட்ட கதைகளுக்கெல்லாம் இந்த ஒற்றை எண் ஒரு உடலைக் கொடுத்தது. ஒருவர் காலைப் பணிக்குப் போனதும் அவர் படுக்கையில் இரவுப் பணி முடித்தவர் படுப்பார் என்று ஒரு பெரியவர் சொன்னதை மிகைப்படுத்திச் சொல்கிறார் என்று நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு.

மேரியின் குடும்பம் கிளாஸ்கோவின் கப்பல் கட்டும் பகுதிக்குப் போனது. பையன் ஏழு வயதில் ஆங்கர் லைன் கப்பல் நிறுவனத்தில் ஏவல் பையனாகச் சேர்ந்தான். பிறகு பித்தளைப் பட்டறை, அச்சகம், கப்பல் தளத்தில் ஆணி காய்ச்சும் வேலை. கடைசியாக ஒரு ரொட்டிக்கடையில் எடுபிடி. 1866-இல் கிளைட் ஆற்றோரக் கப்பல் தளங்களில் முதலாளிகள் கதவடைப்புச் செய்தார்கள். ஆறு மாதம் டேவிட்டுக்கு வேலை இல்லை. வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றார்கள். ஸ்காட்லாந்தின் 1845 ஏழைச் சட்டத்தில், உடம்பில் தெம்புள்ள ஆள் வேலையிழந்தால் உதவி கேட்கும் உரிமை கிடையாது. பத்து வயதுப் பையனின் வாரக் கூலியில்தான் அடுப்பு எரிந்தது.

ஆண்டு முடியும் தறுவாயில் நடந்ததை ஹார்டி பின்னாளில் தானே எழுதியிருக்கிறார். தம்பி காய்ச்சலில் கிடந்தான்; அம்மா நிறைமாதக் கர்ப்பிணி. இரவெல்லாம் விழித்திருந்த பையன் இரண்டு நாள் வேலைக்குப் பிந்திப் போனான். முதலாளி குடும்பத்தோடு காலைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். அங்கேயே அவனை நிற்கவைத்து, வேலையிலிருந்து நீக்கினார். அந்த வாரக் கூலியையும் பிடித்துக்கொண்டார். அம்மாவிடம் சொல்லத் துணியாமல் பையன் மழையில் தெருத்தெருவாகச் சுற்றினான். 1867 பிறந்தபோது வீட்டில் கைக்குழந்தை இருந்தது. நெருப்பும் இல்லை, சாப்பாடும் இல்லை. தம்பி பிழைக்கவில்லை.

வாய்வழிக் கதையைப் பதிவோடு ஒட்டிப் பார்க்க இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது. குழந்தையின் பிறப்புப் பதிவு நாளையும் நேரத்தையும் தரும். தம்பியின் இறப்புப் பதிவு நோய் என்ன, எத்தனை நாள் கிடந்தான், மருத்துவர் பார்த்தாரா என்பதைத் தரும். இரண்டையும் அருகருகே வைத்தால் அந்த வீட்டின் நாள்கள் எப்படி நகர்ந்தன என்று தெரியும். எத்தனையோ குடும்பங்களுக்கு நான் இதைச் செய்து கொடுத்திருக்கிறேன். காய்ச்சலின் பெயரைப் படித்ததும் ஒரு செவிலியருக்கு அந்த அறை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

டேவிட் கடலுக்குப் போனார். மேரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா இருந்த நியூஆர்த்ஹில்லுக்குத் திரும்பினாள். மறுபடியும் தாய்வீடு. பத்து வயது ஜேம்ஸ் அங்கேதான் சுரங்கத்துக்குள் போனான்.

அவனுக்குக் கொடுத்தது டிராப்பர் வேலை, அதாவது காற்றுக் கதவுக் காவல். சுரங்கத்துக்குள் நல்ல காற்று எல்லா வழிகளுக்கும் போய்வர வேண்டுமென்றால், சில சுரங்கப் பாதைகளை மரக்கதவு போட்டு அடைத்துவைக்க வேண்டும். கரி வண்டி வரும்போது திறந்து, போனதும் மூட வேண்டும். கதவு திறந்தே கிடந்தால் காற்று குறுக்குவழியில் ஓடிவிடும். உள்ளே மீத்தேன் தேங்கும். ஒரு பொறி போதும், வெடித்துவிடும். இத்தனை பேர் உயிரைக் காக்கும் வேலையைக் குழந்தைகளிடம் கொடுத்திருந்தார்கள். பத்து மணி நேரம், தனியாக, இருட்டில். குளிர்காலத்தில் விடியுமுன் இறங்கி இருட்டிய பின் ஏறுவதால் ஞாயிற்றுக்கிழமை தவிர வெயிலைப் பார்க்க முடியாது.

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். 1842 சட்டம் பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுத்தது. 1860 சட்டம் வயதைப் பன்னிரண்டாக உயர்த்தியது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியும் என்ற சான்றிதழ் இருந்தாலோ பள்ளிக்குப் போய்வந்தாலோ பத்து வயதிலும் சேர்க்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தது. ஜேம்ஸுக்கு அம்மா படிக்கக் கற்றுக்கொடுத்திருந்தாள், எழுத வராது. ஹோலிடவுனில் இரவுப் பள்ளிக்குப் போனான். பின்னால் சுரங்கத்துக்குள்ளேயே, விளக்குப் புகை படிந்து கறுத்த கல்லின் மேல், திரியைச் சரிசெய்யும் கம்பியால் கீறிக் கீறிச் சுருக்கெழுத்துப் பழகினான். மட்டக்குதிரை ஓட்டுபவன் ஆனான், அதன் பிறகு கரி வெட்டுபவன். இருபது வயதில் தேர்ந்த தொழிலாளி. 1877 அக்டோபர் 22 அன்று, ஹாமில்டனை அடுத்த பிளான்டயரில் வெடித்த சுரங்கத்தில் 207 பேர் மாண்டபோது அவனும் அதே சுற்றுவட்டாரச் சுரங்கங்களில் வேலை செய்யும் இளைஞன்.

தொழிலாளிகளுக்காகப் பேசத் தொடங்கியதும் அவரையும் இரண்டு தம்பிகளையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். பாதி ஆழம் இறங்கிய கூண்டை நிறுத்தி மேலே இழுத்து, ஹார்டி என்ற பெயருள்ள எவனும் இந்தக் குழியில் கூடாது என்று சொல்லி அனுப்பினார்களாம். வட்டாரத்தில் வேறு எங்கும் வேலை கிடைக்கவில்லை. பிறப்புப் பதிவில் இல்லாத அந்தப் பெயர், ஒரு கப்பல் தச்சரை அம்மா மணந்ததால் வந்த அந்தப் பெயர், முதலாளிகளின் கறுப்புப் பட்டியலில் ஏறியது. தகப்பன் ஒருவராக இல்லாத அண்ணனும் தம்பிகளும் சேர்ந்தே தண்டனை அனுபவித்தார்கள். குடும்பம் என்பதற்கு நான் இதைவிட உறுதியான பதிவைத் தேடமாட்டேன்.

அவர் ஆயர்ஷயரின் கம்னாக்கில் குடியேறி, சங்கம் கட்டி, 1892-இல் லண்டனின் வெஸ்ட் ஹாம் சவுத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போன கதையை விரிவாகச் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1894 ஜூன் 23 அன்று தெற்கு வேல்ஸின் சில்ஃபினித் ஊரில் ஆல்பியன் சுரங்கம் வெடித்து 290 ஆண்களும் சிறுவர்களும் இறந்தார்கள். அதே நாளில் அரச குடும்பத்தில் ஒரு ஆண்குழந்தை பிறந்தது. பின்னாளில் எட்டாம் எட்வர்ட் ஆனவர். நாடாளுமன்றம் வாழ்த்துத் தீர்மானம் கொண்டுவந்தது. அதோடு இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஒரு அனுதாப வரியும் சேருங்கள் என்று ஹார்டி கேட்டார். மறுத்தார்கள். சபை முழுவதும் கூச்சலிட, அவர் தனியாக நின்று எதிர்த்துப் பேசினார். அந்தக் குழந்தையின் வம்சத்துக்கு மரம் வரைந்து வைக்க அரண்மனையில் ஆட்கள் இருந்தார்கள். சில்ஃபினித்தில் இறந்த சிறுவர்களுக்கு யார் இருந்தார்கள்? என்னிடம் வருகிறவர்களுக்கு நான் காசு வாங்காமல் தேடித்தருவதற்கு இதுதான் காரணம்.

ஹார்டி 1915 செப்டம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் காலமானார். குடும்பக் கதை அங்கே முடியவில்லை. மேரி, டேவிட் தம்பதியின் மகன் ஜார்ஜ் 1922-இல் கிளாஸ்கோவின் ஸ்பிரிங்பர்ன் தொகுதியில் வென்றார். இன்னொரு மகன் டேவிட் 1931-இல் ரதர்கிளென் தொகுதியின் உறுப்பினரானார். ஜார்ஜ் 1937-இல் இறந்ததும் அவர் மனைவி ஆக்னஸ் அதே ஸ்பிரிங்பர்னில் நின்று வென்று, 1945 வரை உறுப்பினராக இருந்தார். ஜன்னல்களை எண்ணிக் கணக்கெடுத்த காலத்தில் பிள்ளைகளை வளர்த்த ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கு மூன்று மகன்கள், ஒரு மருமகள் என நான்கு நாடாளுமன்ற உறுப்பினர்கள். அவர்களில் எவருடைய பதிவிலிருந்து தொடங்கி ஏறினாலும், சந்திக்கிற இடத்தில் மேரி கெய்ர் என்ற பெயர் இருக்கும்.